மேடைக் குறிப்பில் ஒளிந்திருக்கும் நடிகை

காளிதாசனின் சாகுந்தலத்தில் கதை தொடங்குவதற்கு முன் ஒரு சின்னக் காட்சி வருகிறது. நாந்தி என்ற தொடக்க வாழ்த்து முடிந்ததும், நாடகத்தை நடத்தும் சூத்திரதாரர் நேபத்தியத்தின், அதாவது ஒப்பனை அறையின், பக்கம் திரும்பி, ஒப்பனை முடிந்துவிட்டால் இங்கே வா என்று தன் மனைவியைக் கூப்பிடுகிறார். நடி வருகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கலை தெரிந்தவர்கள், அவர்கள் தலையாட்டும்வரை தன் மனம் நிலைகொள்ளாது என்கிறார் அவர். நீங்கள் பயிற்சி கொடுத்திருக்கும்போது எந்தக் குறையும் வராது என்று அவள் தைரியம் சொல்கிறாள். இப்போதுதான் தொடங்கியிருக்கும் கோடையைப் பற்றிப் பாடச் சொல்கிறார். வாகைப் பூவைப் பெண்கள் காதில் செருகிக்கொள்வதைப் பற்றி அவள் பாடுகிறாள். சபை ஓவியம்போல் அசையாமல் இருக்கிறது. சூத்திரதாரரும் கிறங்கிப்போய், எந்த நாடகம் போடப்போகிறோம் என்பதையே மறந்துவிடுகிறார். அவளே எடுத்துக்கொடுக்கிறாள். நாடகம் தொடங்குகிறது. அதற்குமேல் ஏட்டில் அவளைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

எங்கே போனாள்? வேடம் கட்டிக்கொள்ள உள்ளே போயிருப்பாள் என்பதே இயல்பான பதில். சற்று நேரத்தில் குடத்தோடு வந்து மரத்துக்கு நீர் வார்க்கும் சகுந்தலை அவள்தானோ என்னவோ. தோழி அனசூயையாக இருக்கலாம், பிரியம்வதையாக இருக்கலாம். ஏடு சொல்லாததால், பழைய சமஸ்கிருத மேடையில் பெண்கள் உண்மையிலேயே நடித்தார்களா, ஆண்களே பெண் வேடம் கட்டினார்களா என்று கேள்வி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் செய்த வேலையில் எவ்வளவு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, எங்கே நாம் அதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி.

முதலில் மறுதரப்புச் சான்றுகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் ‘ப்ரூகும்சன்’ என்ற சொல்லைக் கையாளுகிறார். பெண் வேடமிட்ட ஆண் நடிகன் என்று அதற்குப் பொருள். 8ஆம் நூற்றாண்டில் பவபூதி எழுதிய மாலதீமாதவத்தின் முன்னுரைக் காட்சியில், முதிய பௌத்தப் பிக்குணி காமந்தகியாகத் தானே நடிக்கப்போவதாகச் சூத்திரதாரர் சபையிடமே சொல்கிறார். அவருடைய உதவியாளர் பிக்குணியின் மாணவி அவலோகிதையாகிறார். ஆண் பெண்ணாக நடித்ததற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

ஆனால் இதே பதஞ்சலி, மேடையில் நிற்கும் நடர்களின் மனைவியரைப் பற்றியும் பேசுகிறார். இலக்கணத்தில் மெய்யெழுத்து எந்த உயிரோடும் சேரும் என்பதை விளக்க அவருக்குக் கிடைத்த உவமை அவர்கள்தான்: யாருடையவள் நீ என்று எவன் கேட்டாலும், உன்னுடையவள் என்று அவனவனிடம் சொல்கிறவர்கள். உவமையில் இளக்காரம் இருக்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த காட்சியாக இருந்தால்தான் ஓர் இலக்கண ஆசிரியர் அதை உவமையாக எடுக்க முடியும். மேடையேறிய பெண் அப்போதே ஊருக்குப் பழகியவளாக இருந்திருக்கிறாள்.

நாட்டிய சாத்திரம் இரண்டு தரப்புக்கும் இடம் கொடுக்கிறது. வேடம் மூன்று வகை என்கிறது அந்நூல். பெண்ணாகப் பெண்ணும் ஆணாக ஆணும், வயதுக்கு வயது பொருந்த நடிப்பது அனுரூபம். சிறுவன் கிழவனாகவும் கிழவன் சிறுவனாகவும் வருவது விரூபம். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறி நடிப்பது ரூபானுசாரிணி. இந்த வரிசையில் முதலில் நிற்பது பெண்ணாகப் பெண் நடிப்பது. மாறி நடிப்பது பயிற்சியால் அடையும் திறமை, அது இருபாலருக்கும் உரியது. பவபூதியின் சூத்திரதாரர் காமந்தகியானதை இதில் பொருத்திப் பார்த்தால் முரண்பாடே இல்லை. மாலதியாக யார் நடித்தார் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதே நூலின் முதல் அத்தியாயத்தில் வரும் கதை இன்னும் அழுத்தமானது. பிரமன் நான்கு வேதங்களிலிருந்து நாடகத்தை உண்டாக்கிப் பரதரிடம் தருகிறார். பரதர் தம் நூறு மகன்களுக்கு அதைக் கற்பிக்கிறார். பாரதி, சாத்துவதி, ஆரபடி என்ற மூன்று விருத்திகளில், அதாவது மூன்று நடிப்பு முறைகளில், ஆட்டம் தயாராகிறது. கைசிகியையும் சேர் என்கிறார் பிரமன். பாட்டும் ஆடலும் காதலும் மெல்லிய உடையலங்காரமும் கலந்த முறை கைசிகி. பெண்கள் இல்லாமல் ஆண்களால் மட்டும் அதைச் செய்ய முடியாது என்று பரதர் கையை விரித்துவிடுகிறார். பிரமன் தம் மனத்திலிருந்து அப்சரசுகளைப் படைத்துத் தருகிறார். மஞ்சுகேசி, சுகேசி, மிசிரகேசி, சுலோசனை என்று பட்டியல் நீளுகிறது. அதில் மாகதி என்று ஒருத்தி, கேரளை என்று ஒருத்தி. நூறு ஆண்கள் ஒத்திகை பார்த்து முடித்த பிறகும் நாடகம் முழுமையாகாமல் நிற்கிறது என்பதை நாடகத்தின் ஆதி நூலே ஒப்புக்கொள்ளும் இடம் இது. நாற்பது பக்கம் நாயகியை வருணிக்கும் பிற்கால அலங்கார நூல்களைவிட இந்த ஒரு கதைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அதே நூலின் கடைசிப் பகுதியில் இன்னொரு கதை வருகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. பரதரின் மகன்கள் முனிவர்களைக் கேலி செய்து நடித்துச் சாபம் வாங்குகிறார்கள். பின்னர் நகுஷ மன்னன் நாடகத்தை மண்ணுலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறான். அப்போது அவன் சொல்லும் காரணம் வியப்பானது: என் பாட்டனார் வீட்டில் ஊர்வசி அந்தப்புரத்துப் பெண்களுக்கு இதைக் கற்பித்திருந்தாள், அவள் மறைந்த பிறகு அந்த ஆட்டமும் அழிந்துவிட்டது. பாட்டனார் புரூரவன். ஆக, சாத்திரத்தின் நினைவிலேயே மண்ணில் நாடகம் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர் ஒரு பெண், முதல் மாணவர்களும் பெண்கள். பரதரின் மகன்கள் வந்தது இரண்டாம் முறை.

இந்தப் பெருமையெல்லாம் விண்ணுலகத்து நடிகைக்குத்தான். மண்ணில் நடந்தவளைச் சட்ட நூல்கள் வேறு கண்ணோடு பார்த்தன. அமரகோசம் நடனுக்குத் தரும் பெயர்களில் ஒன்று ‘ஜாயாஜீவன்’, மனைவியால் பிழைக்கிறவன். பிறன் மனைவியோடு தனித்துப் பேசுவதைக் குற்றமாக்கும் மனு, கூத்தாடிகளின் மனைவியருக்கு அந்த விதி பொருந்தாது என்று விலக்கு அளிக்கிறார். மற்றப் பெண்களுக்கு இருந்த காவல் இவளுக்குக் கிடையாது என்று அர்த்தம். நடன் வீட்டுச் சோற்றையும் உண்ணக்கூடாது. அர்த்தசாத்திரமோ கணக்கு வழக்கோடு அணுகுகிறது. மேடையால் பிழைக்கும் பெண்ணை அது ‘ரங்கோபஜீவினி’ என்கிறது. பாட்டு, வாத்தியம், வாசிப்பு, ஆடல், நடிப்பு, எழுத்து, ஓவியம், வீணை, குழல், பிறர் மனத்தை அறிதல், மாலை தொடுத்தல் என்று அவளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியருக்கு அரசே படியளக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆட்டக் குழு ஒவ்வொரு காட்சிக்கும் 5 பணம் வரி கட்ட வேண்டும். அவளுடைய கலை அரசுக்கு வருவாய், சமயத்தில் அவளே ஒற்றர் வேலைக்கும் பயன்படுபவள்.

இந்த நூல்களுக்கு நடுவே யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் ஒரு விதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பொதுவாக மனைவி வாங்கிய கடனுக்குக் கணவன் பொறுப்பில்லை. ஆனால் இடையன், கள் விற்பவன், நடன், வண்ணான், வேடன் ஆகியோரின் மனைவியர் வாங்கிய கடனைக் கணவன் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய பிழைப்பே மனைவியரை நம்பியிருக்கிறது. இகழ்ச்சி இல்லாத, வட்டிக்கடைக்காரர் பார்வையில் எழுதிய விதி இது. நடிகையை நம்பிக் கடன் கொடுக்கலாம், அவளுக்குக் கைமுதலும் வரவும் உண்டு, குடும்பத்தின் அடுப்பு அவளால் எரிகிறது என்பதைச் சட்டம் தெரிந்துவைத்திருந்தது. ஜாயாஜீவன் என்ற வசவுக்குப் பின்னால் இருக்கும் உண்மையும் இதுதான். மிருச்சகடிகம் என்ற நாடகத்தின் தொடக்கத்தில், நெடுநேரம் இசை ஒத்திகை பார்த்துவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வரும் சூத்திரதாரரை வரவேற்கும் நடியும் அப்படியொரு குடும்பத்தை நடத்துபவள்தான். அவளோடு பேசுவதற்காக அவர் சமஸ்கிருதத்தை விட்டுப் பிராகிருதத்துக்கு இறங்குகிறார்.

மொழியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சமஸ்கிருத நாடகம் என்ற பெயரே ஓரளவு தவறான பெயர். அரசனும் அமைச்சனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்கள் பெரும்பாலும் சௌரசேனிப் பிராகிருதத்தில் பேசுவார்கள், மகாராஷ்டிரியில் பாடுவார்கள். மாளவிகாக்னிமித்திரத்துக் கௌசிகிபோன்ற துறவுப் பெண்களுக்கும், வேண்டிய இடத்தில் அரசிக்கும் கணிகைக்கும் சமஸ்கிருதம் அனுமதிக்கப்பட்டது. சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் சபையில் தன்னை மணந்தவனிடமே தான் யாரென்று நிரூபிக்க வேண்டிய நிலையில் நிற்கும் பெண், அவனுடைய மொழியில் பேசவில்லை, தன் மொழியில்தான் பேசுகிறாள். சமஸ்கிருதம் சொல்லும் பெண்ணைக் கேட்டால் தனக்குச் சிரிப்பு வரும், மூக்கணாங்கயிறு புதிதாகக் குத்திய பசுபோலச் சீறுகிறாள் என்று மிருச்சகடிகத்து விதூஷகன் மைத்திரேயன் கிண்டலடிக்கிறான். அதே நாடகத்தின் நாயகி, கணிகை வசந்தசேனை, இடமறிந்து சமஸ்கிருதத்தில் செய்யுள் சொல்லக்கூடியவள். விதூஷகன் பேச்சை நாடகமே ஏற்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். முதல் அங்கத்தில் இருட்டில் அவளைத் துரத்துபவர்களில் ஒருவனான விடன் சொல்வதும் கவனிக்கத்தக்கது. மேடையேறிப் பழகியவள், கலை கற்றவள், அதனால் குரலை மாற்றிப் பேசத் தெரிந்தவள் என்கிறான். வசந்தசேனை மேடை நடிகை என்பதற்கு நாடகத்துக்குள்ளேயே இருக்கும் சாட்சி இது.

குரலை மாற்றுவது என்றதும் பகவதஜ்ஜுகம் என்ற நாடகம் நினைவுக்கு வராமல் இருக்காது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூரில் உள்ள பல்லவர் கல்வெட்டில் மத்தவிலாசத்தோடு சேர்த்து இதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு தோட்டத்தில் காதலனுக்காகக் காத்திருக்கும் கணிகை ஒருத்தி. இவளுக்கும் வசந்தசேனை என்றே பெயர். எமதூதன் ஆள் மாறி அவள் உயிரைக் கொண்டுபோகிறான். பக்கத்தில் இருந்த துறவி, யோக சக்தியைத் தன் சீடனுக்குக் காட்ட அவள் உடலில் புகுந்துகொள்கிறார். தவறு தெரிந்து திரும்பிவந்த எமதூதன், அவள் உடலில் ஏற்கனவே ஆள் இருப்பதைப் பார்த்து, அவள் உயிரைத் துறவியின் உடலில் வைத்துவிடுகிறான். இப்போது அந்த நடிகையின் நிலையை யோசித்துப் பாருங்கள். சற்று முன்வரை மாலையும் சந்தனமுமாகப் பிராகிருதத்தில் கொஞ்சியவள், அதே உடையில், அதே ஒப்பனையில், முற்றும் துறந்த கிழவரின் அதிகாரத்தோடு சமஸ்கிருதம் பேச வேண்டும். உதட்டில் சிவப்புச் சாயம், உள்ளே வேதாந்தம். எதிரே காவியுடைக்காரர் கணிகையின் நளினத்தோடு காதலனைத் தேடுவார். சிரிப்பு வருவதே இரண்டு உடல்களின் துல்லியத்தால்தான். ஒப்புக்கு நிற்கும் நடிகைக்காக யாரும் இப்படியொரு பாத்திரத்தை எழுதமாட்டார்கள். கையில் ஒரு தேர்ந்த நடிகை இருந்தால் மட்டுமே எழுதத் துணிவு வரும்.

மகேந்திரவர்மனின் மத்தவிலாசமும் ஒரு நடியோடுதான் தொடங்குகிறது. சூத்திரதாரர் இளையவள் ஒருத்தியைக் கட்டிக்கொண்டதால் மூத்தவளுக்குக் கோபம். நாடகத்தைக் காரணமாக வைத்து அவளைச் சமாதானப்படுத்தி மேடைக்குக் கொண்டுவருகிறார். 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் ஓர் ஆட்டக் குழுவின் குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான காட்சி எனக்குத் தெரியாது.

அதே நூற்றாண்டின் பாணர் தம் இளமைக்காலத் தோழர்களை ஹர்ஷசரிதத்தில் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் கூட்டத்தில் சிகண்டகன் என்ற இளம் நடன் இருக்கிறான், ஹரிணிகை என்ற ஆடல்மகள் இருக்கிறாள். அவர் அவளை இகழவில்லை, புகழவுமில்லை. கூட்டாளியாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். எனக்கு அந்த ஒரு பெயர் பெரிய ஆறுதல்.

சரி, அவள் மேடையில் என்ன செய்தாள்? இங்கேதான் ஏடு நம்மை ஏமாற்றுகிறது. சாகுந்தலத்தின் முதல் அங்கத்தில், முல்லைக் கொடிக்கு நீர் வார்க்கும்போது பூவைவிட்டு எழுந்த வண்டு சகுந்தலையின் முகத்தைச் சுற்றுகிறது. அச்சுப் புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரு குட்டி மேடைக் குறிப்பு, வண்டின் தொல்லையை அபிநயிக்கிறாள் என்று. மறைந்து நிற்கும் துஷ்யந்தனுக்கோ அந்த வண்டின் அதிர்ஷ்டத்தைப் பற்றி முழுச் செய்யுள். படிக்கிறவர் கண் செய்யுளில் நின்றுவிடும். மேடையில் நடப்பது தலைகீழ். வண்டு கிடையாது. நீரும் கிடையாது, குடத்தில் எடை இருப்பதாகத் தோளும் இடுப்பும்தான் காட்ட வேண்டும். அவள் பார்வை வலப்பக்கம் ஓடினால் வண்டு அங்கே இருக்கிறது. புருவம் நெரிந்தால் அருகே வந்துவிட்டது. ஓரடி பின்வாங்கித் தலையைத் திருப்பினால் அது காதோரம் போயிருக்கிறது. அவள் கண்ணுக்குள் பறக்காத வண்டைப் பற்றி அரசன் எத்தனை செய்யுள் சொன்னாலும் சபை நம்பாது. சாகுந்தலத்துக்கு உரை எழுதிய ராகவபட்டர் இந்த மேடைக் குறிப்புகளின் கீழே நின்று, தலையை எப்படி அசைக்க வேண்டும், உதடு எப்படித் துடிக்க வேண்டும், கை எந்த முத்திரையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு ஒரு நடிகைக்கான கட்டளை என்பதை மறக்காத உரையாசிரியர் அவர்.

‘நாட்யேன’ என்ற சொல் இந்த நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தேரிலிருந்து இறங்குவது, பூப்பறிப்பது, மரமேறுவது எல்லாம் நாட்யேன, நடிப்பால். மேடையில் தேரும் இல்லை, மரமும் இல்லை. ஆண்களின் பங்கு பெரும்பாலும் செய்யுளாக இருந்ததால் ஏட்டில் நின்றது. பெண்களின் பங்கில் பெரும்பகுதி பாட்டாகவும் அபிநயமாகவும் இருந்ததால் ஒரு சொல்லாகச் சுருங்கியது. நாட்டிய சாத்திரமும் பெண்ணின் குரல் பாட்டுக்கு, ஆணின் குரல் வாசிப்புக்கு என்று இயல்பு பிரிக்கிறது. வாசித்தது நூலாகும். பாடியது காற்றோடு போகும். சமஸ்கிருத நாடக வரலாறு எழுதியவர்கள் பலர் நடிகைக்கு ஒரு பத்தியோடு முடித்துக்கொண்டதற்கு இந்தக் கணக்குப் பிழையே காரணம் என்பது என் முடிவு.

காளிதாசன் இந்தப் பிழையைச் செய்யவில்லை. மாளவிகாக்னிமித்திரத்தில் இரண்டு ஆடலாசிரியர்கள், கணதாசரும் ஹரதத்தரும், யார் பெரியவர் என்று சண்டை போடுகிறார்கள். தீர்ப்புச் சொல்லத் துறவி கௌசிகியை உட்காரவைக்கிறார்கள். ஆசிரியர்களைப் பேசவிடாமல், மாணவியை ஆடவிட்டுப் பார்க்கலாம் என்கிறாள் அவள். கனத்த ஒப்பனை வேண்டாம், உடலின் நயம் மறையாமல் தெரியட்டும் என்றும் நிபந்தனை போடுகிறாள். மாளவிகை சர்மிஷ்டை இயற்றியதாகச் சொல்லப்படும் பாட்டைப் பாடிச் சலிதம் என்ற கடினமான அபிநயத்தைச் செய்கிறாள். அவயவங்கள் சொல்லைப் பேசினவா, கால் தாளத்தில் நின்றதா, பாவம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடுக்காமல் போனதா என்று கௌசிகி எடைபோடுகிறாள். ஆடியவளும் பெண், அளந்தவளும் பெண். காதல் கதை என்று இந்த நாடகத்தைப் படிப்பவர்கள் இந்தத் தேர்வுக் காட்சியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

விக்கிரமோர்வசீயத்திலோ நடிகையின் தவறே கதையைத் திருப்புகிறது. சரசுவதி இயற்றிய லட்சுமி சுயம்வரம் என்ற நாடகத்தில் ஊர்வசி லட்சுமியாகவும் மேனகை வாருணியாகவும் நடிக்கிறார்கள். உன் மனம் யாரிடம் என்று மேனகை கேட்க, புருஷோத்தமனிடம் என்று வர வேண்டிய இடத்தில் ஊர்வசியின் வாயில் புரூரவன் என்று வந்துவிடுகிறது. பரதர் சபிக்கிறார். இந்தச் செய்தியைப் பரதரின் இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் காளிதாசன் வைத்திருக்கிறான். பாத்திரத்துக்கும் தனக்கும் நடுவில் உள்ள கோடு அழிந்துபோகும் அந்த நொடி அவனுக்குத் தெரிந்திருந்தது.

அரண்மனைக்குள் பெண்களே நடத்திய ஆட்டங்களும் இருந்திருக்கின்றன. பாசனின் பிரதிமா நாடகத்தில், சீதையின் தோழி அவதாதிகை ஒரு மரவுரியோடு வருகிறாள். எங்கிருந்து எடுத்தாய் என்றால், நேபத்தியத்தைக் காக்கும் ரேவையிடமிருந்து விளையாட்டாக எடுத்துவந்தேன் என்கிறாள். அரண்மனை அரங்கின் உடையலங்கார அறைக்குப் பொறுப்பாளர் ஒரு பெண். சீதை ஆசைக்கு அதை உடுத்திப் பார்க்கிறாள். சற்று நேரத்தில் அதுவே காட்டுக்குப் போகும் உடையாகிறது. (பாசனுடையவை என்று சொல்லப்படும் 13 நாடகங்களைத் த. கணபதி சாஸ்திரிகள் தேடிக் கண்டெடுக்கத் தொடங்கியது 1909இல், பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வரும் இடம்.) ஹர்ஷரின் பிரியதர்சிகையில் மூதாட்டி சாங்கிருத்தியாயனி உதயணன் கதையை நாடகமாக எழுதி அரண்மனையில் போடுகிறாள். ஆரண்யகை வாசவதத்தையாகிறாள். உதயணனாக வேடம் போட வேண்டியவள் மனோரமை என்ற தோழி. கடைசி நேரத்தில் அரசன் அவளிடத்தில் தானே வந்து தன்னையே நடித்துவிடுகிறான். ஆசிரியர் பெண், நாயகி பெண், நாயகனும் பெண் என்பதைப் பார்வையாளர் இயல்பாக ஏற்றுக்கொண்டால்தான் இந்த ஆள்மாறாட்டம் வேலை செய்யும்.

அரண்மனைக்கு வெளியே என்றால் காஷ்மீரத்துத் தாமோதரகுப்தரின் குட்டனீமதம். ஜயாபீட மன்னனின் அமைச்சராக இருந்து 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதியவர். காசிக்கு வந்த இளவரசன் முன்னால், மஞ்சரி என்ற கணிகையின் குழு ரத்னாவளி நாடகத்தின் முதல் அங்கத்தை நடிப்பதை அவர் காட்சிக்குக் காட்சி சொல்லிப்போகிறார். பார்த்தவரின் விவரிப்பாக நமக்குக் கிடைத்திருக்கும் மிக அரிய பகுதி அது. அந்த நூல் நடிகையை வலைவீசுபவளாகவும் காட்டுகிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இளவரசன் அவள் நடிப்பில் மயங்குவதும் பிறகு பொருளிழப்பதும் கதை. ஆனால் அந்த மயக்கத்தை விளக்க ஆசிரியருக்கு அவளுடைய தொழில்திறத்தைத்தான் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

வடக்கே பிற்பாடு இந்த மரபு எங்கும் தொடர்ச்சியாக நிற்கவில்லை. 1880இல் புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் மராத்தியில் சங்கீத சாகுந்தலத்தை மேடையேற்றியபோது பெண் வேடங்கள் ஆண்களுடையவை. பின்னர் பால கந்தர்வர் சகுந்தலையாகப் பெரும்புகழ் பெற்றார். அவர் மகா கலைஞர், அதில் சந்தேகமில்லை. அந்தக் காலத்து மேடையில் ஒரு நடிகைக்கு இடமில்லாமல் போனதும் அதே அளவு உண்மை.

தொடர்ச்சி கிடைத்த ஒரே இடம் கேரளம். கூடியாட்டம் என்ற பெயருக்கே கூடி ஆடுவது என்று பொருள். ஆணும் பெண்ணும் கூடி ஆடுவது என்பதும் அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. சாக்கியார் ஆண் வேடம். நம்பியார் மிழாவு வாசிப்பார். நம்பியார் குலத்துப் பெண்ணான நங்கியார் பெண் வேடம் கட்டுவாள், குழித்தாளம் போடுவாள், சுலோகம் சொல்லுவாள். நம்பி, நங்கை என்ற நம் சொற்கள் அந்த இரண்டு பெயர்களிலும் அப்படியே கேட்கின்றன. கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாக்கியாரின் மனைவியான இல்லோடம்மை மரபுப்படி மேடையேற மாட்டாள். ஜாயாஜீவன் என்று வடநூல்கள் ஏசிய ஏற்பாடு இங்கே இல்லை. நடிகை நடனின் மனைவி அல்லள், தனக்கென்று குலமுறைக் கடமையும் கோயில் உரிமையும் உள்ளவள்.

சாக்கியார் மரபின் பழமைக்குச் சிலப்பதிகாரமே சாட்சி. நடுகற்காதையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். ஒரே உடலில் பாதி சிவன், பாதி உமை. சிவன் பக்கம் ஆடி அதிரும்போது உமையின் பக்கத்து வளையும் மேகலையும் ஒலிக்காமல், குழல் அவிழாமல் நிற்கிறது. ஆண் உடல் பெண்ணை அசையாமையால் காட்டிய அற்புதம். பெண் அசைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கலைஞர் வேண்டியிருந்தது.

ரூபானுசாரிணியும் கூடியாட்டத்தில் உயிரோடு இருக்கிறது. சக்திபத்திரரின் ஆச்சரியசூடாமணியில், லலிதை என்ற அழகியாக வரும்போது சூர்ப்பணகை நங்கியார். மூக்கறுபட்டு இரத்தம் வழியக் கோர உருவில் வரும்போது சாக்கியார். ராவணனாக நிற்கும் நடிகரே ஆடையைச் சற்றே மாற்றிப் பிடித்துப் பார்வதியாகவும் சிவனாகவும் மாறி மாறிக் காட்டும் பகர்ந்தாட்டமும் உண்டு. இந்த வித்தை வளர வளர, நாயகி மேடைக்கு வராமலே அவளைச் சாக்கியார் காட்டிவிடும் வழக்கம் பெருகியது. நங்கியார் பெரும்பாலும் ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பவளாக ஆனாள்.

அவள் கையில் விடாமல் தங்கியது ஒரு தோழிப் பாத்திரம். குலசேகரவர்மனின் சுபத்ராதனஞ்சயத்தில் இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் கல்பலதிகை என்ற தோழி வருகிறாள். நாடகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பேச்சுத்தான். ஆனால் கூடியாட்டத்தில் எந்தப் பாத்திரமும் தன் முன்கதையைத் தனியே நின்று ஆடிக்காட்டலாம், நிர்வஹணம் என்று பெயர். கல்பலதிகையின் நிர்வஹணமாக வளர்ந்ததுதான் நங்கியார்கூத்து. கிருஷ்ணன் கதையை 217 சுலோகங்களில், பல நாட்கள், ஒரே பெண்.

பூதனை வரும் இடத்தைப் பாருங்கள். மேடையில் ஒரு நிலைவிளக்கு, இரண்டு திரிகள் ஆடுபவள் பக்கம், ஒன்று நம் பக்கம். பின்னால் மிழாவு. சொல் கிடையாது. அழகியாக உருமாறிய பூதனை மார்பில் நஞ்சைத் தடவிக்கொண்டு குழந்தையிடம் போகிறாள். குழந்தையைப் பார்த்த கண்ணில் தாய்மை ஊறுகிறது. கம்சனை நினைத்ததும் அதே கண்ணில் பயம். எடுக்கப் போன கை நிற்கிறது. மீண்டும் குழந்தை சிரிக்கிறது, அந்தச் சிரிப்பையும் அவளே காட்ட வேண்டும். கடைசியில் பால் கொடுக்கிறாள். முதலில் சுகம், பிறகு சின்ன வலி, பிறகு பிடுங்க முடியாத வலி. உயிர் இழுபட இழுபட அழகி முகம் கலைந்து அரக்கியின் முகம் வெளியே வருகிறது. அதே முகம், அதே ஒப்பனை. மிழாவு ஓயும்போது அவள் கண் நிலைகுத்தியிருக்கும். வண்டு அபிநயம் என்ற குட்டிக் குறிப்புக்குள் என்ன இருந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மரபும் அணையும் நிலைக்கு வந்தது. 1949இல் பைங்குளம் ராம சாக்கியார் கோயில் அரங்கான கூத்தம்பலத்துக்கு வெளியே ஆடினார். 1962இல் டாக்டர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் அழைத்து மாணி மாதவ சாக்கியார் குழு சென்னையில் ஆடியது. 1965இல் கேரள கலாமண்டலம் கூடியாட்டத்துக்குத் தனித்துறை தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் நங்கியார் குலத்தில் பிறக்காத கலாமண்டலம் கிரிஜா மாணவியாகச் சேர்ந்தார். உஷா நங்கியார் அம்மன்னூர் மாதவ சாக்கியாரிடம் கற்று, ஏட்டில் இருந்தும் மேடைக்கு வராமல் போன பெண் பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். 2001இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது.

நங்கியார்கூத்துக் கலைஞர் மார்கி சதி 2015இல் மறைந்தார். கலாமண்டலத்தில் பைங்குளத்தாரிடம் பயின்றவர். கிருஷ்ணன் கதையோடு நின்றிருந்த நங்கியார்கூத்தில் ராமன் கதையையும் ஆட விரும்பினார். அதற்கு ஆட்டப்பிரகாரம் வேண்டும். எந்தச் சுலோகத்துக்கு எந்தப் பார்வை, எங்கே எந்த முத்திரை, எந்த இடத்தில் நிற்பது, எங்கே உட்காருவது என்று வரிக்கு வரி சொல்லும் ஆடல் கையேடு அது. பரம்பரையாகச் சாக்கியார்கள் காத்துவந்த நூல்வகை. ஸ்ரீராமசரிதத்துக்கான ஆட்டப்பிரகாரத்தைச் சதியே உட்கார்ந்து எழுதினார். அதிலுள்ள மேடைக் குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு நடியின் கையெழுத்து.